சுருக்குப்பையில் என்ன இருந்தது?

போன வருஷம் தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடந்தேன் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது முக்கால் உண்மை. மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் வரைக்கும்தான் நடந்தேன். கடைசி 30 கிலோமீட்டருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மூட்டு வலி, கொப்புளம், காய்ச்சல் எதுவும் காரணமில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தொடை உரசல். முதல் நாள் லேசான எரிச்சல், இரண்டாம் நாள் திண்டுக்கல் தாண்டும்போது தோல் உரிந்து, மூன்றாம் நாள் காலை எழுந்து நிற்கவே பயம். எங்கள் கூட்டத்தில் வந்த ஒரு பெரியம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், செருப்புகூடப் போடாமல் நடந்தவர், நான் காலை அகட்டி அகட்டி வைத்து நடப்பதைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, இருமல் மருந்து அளக்கும் மூடி அளவுக்கு ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். "நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தடவியிருக்கணும் தம்பி. இப்பத் தடவுனா எரியத்தான் செய்யும்" என்றார். எரிந்தது.

என் முதுகுப் பையில் அப்போது என்னென்ன இருந்தது தெரியுமா? 20,000 எம்ஏஎச் பவர் பேங்க். இரண்டு சார்ஜர் ஒயர், ஒன்று ரிப்பேர் ஆனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. மடக்கும் ஸ்பூன். தண்ணீர் வடிகட்டும் ஸ்ட்ரா (வழிநெடுக தண்ணீர்ப் பந்தல் இருக்கும் ரோட்டில்!). விசில். திசைகாட்டி வேறு. திண்டுக்கல் பைபாஸில் எனக்குத் திசை எதற்கு? பத்து ரூபாய் வாசலின் டப்பா மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் தொழில் புத்தி விடவில்லை. ஒரு ஷீட் போட்டேன். பொருள், எடை, எத்தனை முறை வெளியே எடுத்தேன் என்று மூன்று காலம். மொத்தம் 41 பொருள். அதில் 23 பொருளை ஒருமுறைகூடத் தொடவில்லை. இந்த வருஷம் மறுபடி போக வேண்டும், முழுசாக நடக்க வேண்டும். பட்டியலை எப்படிப் போடுவது என்று யோசிக்கும்போதுதான், நெடுந்தூரம் நடந்த மற்றவர்கள் சின்னச் சின்னப் பொருள்களாக என்ன எடுத்துப் போனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். கூடாரம், படுக்கை, துணி மாதிரிப் பெரிய சாமான்களில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் கிடையாது. பாக்கெட்டிலும் மடியிலும் கிடப்பதில்தான் ஆள் தெரிகிறார். மூன்று மாதம் வாசித்ததில் மூன்று பேருடைய பைகள் என்னை விடவில்லை. அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் பை ரொம்பப் பழசு. 5,000 வருஷத்துக்கும் மேல்.

1991 செப்டம்பர் 19 அன்று, ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில், மலையேறப் போன ஒரு ஜெர்மன் தம்பதி பனிக்குள்ளிருந்து ஓர் உடல் வெளியே தெரிவதைப் பார்த்தார்கள். யாரோ சமீபத்தில் விபத்தில் இறந்த மலையேறி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கார்பன் சோதனையில் தெரிந்தது: கி.மு. 3350-க்கும் 3100-க்கும் இடைப்பட்ட காலத்தவர். ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். எல்லையை அளந்து பார்த்ததில் இத்தாலிப் பக்கம் 92 மீட்டர் சொச்சம் உள்ளே கிடந்திருக்கிறார். அதனால் இப்போது இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

ஓட்ஸியைப் பற்றித் தமிழிலேயே நிறைய எழுதியாகிவிட்டது. உடம்பில் 61 பச்சைக்குத்து, வயிற்றில் கடைசியாகச் சாப்பிட்ட காட்டாட்டுக் கறி, 2001-இல் எக்ஸ்ரேயில் தெரிந்த இடது தோள் அம்புமுனை, ஆகவே கொலை, இந்தக் கதையெல்லாம் நீங்கள் வாசித்திருப்பீர்கள். எனக்கு வேண்டியது அவருடைய இடுப்பு. கன்றுக்குட்டித் தோலில் செய்த ஒரு பட்டை. அதில் ஒரு சின்னப் பை தைத்திருக்கிறது. சுருக்குப்பையேதான் என்று சொல்லிவிடலாம், சுருக்குக் கயிறு மட்டும் வேறு மாதிரி.

அதற்குள் இருந்தவை: சுரண்டுவதற்கு ஒரு சிக்கிமுக்கிக் கல், துளைபோட ஒன்று, கூரான சில்லு ஒன்று, எலும்பில் செய்த ஒரு குத்தூசி, அப்புறம் ஒரு கைப்பிடி கறுப்புப் பஞ்சு மாதிரி ஒன்று. அந்தப் பஞ்சு மரத்தில் வளரும் ஒரு வகைக் காளான். காயவைத்து அடித்துப் பஞ்சாக்கினால் ஒரு பொறி விழுந்தாலே கனன்று பிடித்துக்கொள்ளும். பொறி உண்டாக்க சிக்கிமுக்கிக் கல்லோடு பைரைட் என்ற கனிமத்தைத் தட்ட வேண்டும். பஞ்சில் பைரைட் துகள்கள் ஒட்டியிருந்தன. பைரைட் கட்டி மட்டும் கிடைக்கவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டதோ, தேய்ந்தே தீர்ந்துவிட்டதோ. டார்ச்சை எடுத்துவிட்டு பேட்டரியை விட்டுவிட்டு வரும் ஜாதி நாம். அதனால் இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனால் அவர் அவ்வளவு லேசுப்பட்ட ஆளில்லை. பிர்ச் மரப் பட்டையில் செய்த இரண்டு டப்பா வைத்திருந்தார். ஒன்றுக்குள் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. பச்சை இலையில் கங்கைச் சுற்றி எடுத்துப் போவதற்கானது அது. அதாவது நேற்று இரவு போட்ட நெருப்பையே கையோடு கொண்டுபோவது. நெருப்புக்கு அவரிடம் இரண்டு வழி இருந்திருக்கிறது: கங்கு இருக்கும்வரை கங்கு, அணைந்துபோனால் பஞ்சும் பொறியும். நாங்கள் சர்வர் வைக்கும்போது ஒன்று போனால் இன்னொன்று என்று வைப்போமே, அந்த யோசனை. ஆனால் ஒரே பொருளை இரண்டாக எடுத்துப் போகவில்லை. நான் எடுத்துப் போன இரண்டு சார்ஜர் ஒயரும் ஒரே பிளக்கில் மாட்டுவது; கரண்ட் இல்லை என்றால் இரண்டும் வீண். அவருடைய இரண்டு வழியும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தோற்கக்கூடியவை. இதை நான் வேலையில் பத்து வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பொருளைப் பார்த்தால் பென்சில் மாதிரியே இருக்கும். சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். லிண்டன் மரக்கட்டைக்கு நடுவே, பென்சிலுக்குள் கரிக்குச்சி மாதிரி, மான்கொம்பு முனை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். இது என்னவென்று ஆய்வாளர்களுக்கே முதலில் புரியவில்லையாம். கல் கத்தி மழுங்கினால் விளிம்பில் இதை வைத்து அழுத்திச் சின்னச் சின்னச் சில்லாக உடைத்துக் கூர் ஏற்றுவார்கள். முனை தேய்ந்தால் மரத்தைச் சீவிக் கொம்பை இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவரலாம். பென்சிலேதான்!

2018-இல் அவருடைய கல் கருவிகளை மட்டும் தனியாக எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. நான் இவ்வளவு நாள் வாசித்த தொல்லியல் கட்டுரைகளிலேயே என்னை ரொம்ப அசைத்தது அதுதான். அவருடைய கத்தி, சுரண்டி எல்லாம் பலமுறை கூர் ஏற்றி ஏற்றிக் குறுகிப்போனவை, கிட்டத்தட்ட ஆயுள் முடிந்தவை. வலது கைக்காரர். நல்ல சிக்கிமுக்கிக் கல் அவருக்குக் கொஞ்ச நாளாகக் கிடைக்கவில்லை. அம்பறாத்தூணியில் 14 அம்பு. அதில் இரண்டுக்குத்தான் முனை இருந்தது, அந்த இரண்டும் உடைந்தவை. மீதி 12 வெறும் குச்சி. ஆளுயரத்துக்கு மேல் ஒரு வில், அதுவும் பாதி செதுக்கிய நிலையில். வலது உள்ளங்கையில் சில நாள் முன்பு பட்ட ஆழமான வெட்டு வேறு.

இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பாருங்கள். கையில் காயம், வில்லும் அம்பும் முழுசாக இல்லை, கல் தீர்ந்துவிட்டது. ஆனால் அவரிடம் குத்தூசி இருக்கிறது, அம்பறாத்தூணிக்குள் கட்டுவதற்கு விலங்கின் தசைநார் இருக்கிறது, மான்கொம்பு முனைகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், கூர் ஏற்றும் பென்சில் இருக்கிறது. கிழிந்த மேலாடையைப் போகிற வழியில் புல்லைத் திரித்து ஒட்டுப்போட்டு தைத்த தடயமும் இருக்கிறது. அவருடைய பையில் இருந்தவற்றில் பெரும்பகுதி இன்னொரு பொருளைச் செய்யவோ சரிசெய்யவோ உதவும் பொருள். உடைந்தால் மாற்ற இன்னொன்று வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். உடைந்ததைச் சரிசெய்யக் கருவி வைத்துக்கொள்வது வேறொரு பழக்கம். இரண்டாவது எடை குறைவு, ஆனால் கை வேலை தெரிந்திருக்க வேண்டும். என் செருப்பு வார் அறுந்தால் தைக்க எனக்குத் தெரியாது. அந்த உண்மையை ஷீட்டில் எந்தக் காலத்தில் எழுதுவது?

தோல் வாரில் கோத்த இரண்டு உருண்டைக் காளான்களும் வைத்திருந்தார். இது நெருப்புக் காளான் இல்லை, வேறு வகை. அவர் குடலில் சாட்டைப்புழு முட்டைகள் இருந்ததால், அதற்கு மருந்தாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. எதற்கென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கையில் எடுத்துப்போகும் மருந்துச்செப்பு என்று எனக்குப் படுகிறது. வயிற்று வலி அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. தனக்கு ஏற்கெனவே வந்த வலிக்குத்தானே யாரும் மருந்து எடுத்துப் போவார்கள்? எனக்குத் தொடை உரசல் அதற்கு முன் வந்ததில்லை. அதனால் என் பையில் வாசலின் இல்லை. திசை தெரியாமல் போனதும் இல்லைதான், ஆனால் அந்தத் திசைகாட்டி என் அனுபவத்திலிருந்து வந்ததில்லை, ஒரு யூடியூப் வீடியோவிலிருந்து வந்தது.

வாசலின் என்றதும் இரண்டாவது பைக்கு வந்துவிடலாம். இது நடைப்பயணம் இல்லை, எவரெஸ்ட். இருந்தாலும் பாக்கெட் பாக்கெட்தானே.

1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்ட் உச்சிக்குப் போகும் வழியில் மேகத்துக்குள் மறைந்தார்கள். மல்லோரிக்கு 37 வயது, இர்வினுக்கு 22. உச்சியைத் தொட்டார்களா இல்லையா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. 75 வருஷம் கழித்து, 1999 மே 1 அன்று, சுமார் 8,155 மீட்டர் உயரத்தில் மல்லோரியின் உடல் கிடைத்தது. தேடிப்போனவர்கள் இர்வின் கிடைப்பார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். சட்டைக் காலரில் தைத்திருந்த பெயர்த் துணியை வாசித்த பிறகுதான் இது மல்லோரி என்று தெரிந்தது. ஊசி நூலால் தைத்த அந்தத் துண்டுத் துணி எத்தனை கிராம் இருக்கும்? (இர்வினுடைய காலும் பூட்ஸும் 2024-இல் கிடைத்தபோதும் இதே கதைதான். காலுறையில் பெயர் தைத்திருந்தது.)

பாக்கெட்டுகளில் இருந்தவற்றின் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது ஏதோ அந்தக் காலத்து வாத்தியார் ஒருவர் டவுனுக்குப் போயிருந்தபோது பஸ்ஸில் சட்டையைத் தொலைத்த மாதிரி இருந்தது. மல்லோரி உண்மையிலேயே பள்ளி ஆசிரியர். பேனாக்கத்தி, தீப்பெட்டி, தோல் உறையில் நகம் வெட்டும் கத்தரிக்கோல், ஊக்கு, பென்சில் துண்டு, பெயரெழுத்து பின்னிய கைக்குட்டை, இறைச்சிச் சாற்று மிட்டாய் டப்பா, உடைந்துபோன உயரமானி, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிய கடிதங்கள், இன்னும் பணம் கட்டாத ஒரு கடை பில், ஒரு டியூப் வாசலின். ஆமாம், வாசலின். எவரெஸ்டில் வெடித்த உதட்டுக்குத்தான், என்னுடைய கஷ்டத்துக்கு இல்லை. ஆனாலும் அந்த வரியை வாசித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சில்லறைப் பொருள்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அவருடைய கடைசி நாளைக் கட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். ஒரு கடித உறை மேல் பென்சிலால் ஆக்ஸிஜன் குடுவைகளின் அழுத்தம் குறித்திருந்தது; எவ்வளவு ஆக்ஸிஜன் கையில் இருந்திருக்கும் என்ற கணக்கே அதனால் மாறியது. பனிக் கண்ணாடி கண்ணில் இல்லை, பாக்கெட்டில் இருந்தது. நான்கு நாள் முன்புதான் அவருடைய சகா நார்ட்டன், பாறைப் பகுதிதானே என்று கண்ணாடியைக் கழற்றியதால் பார்வை பறிபோய்க் கூடாரத்தில் கிடந்தார். அதைப் பார்த்தவர் வெயிலில் கண்ணாடியைக் கழற்றுவாரா? ஆகவே அவர் விழுந்தது வெளிச்சம் போன பிறகு, இறங்கும்போது என்று ஒரு வாதம். கூடுதலாக இன்னொரு கண்ணாடி வைத்திருந்து அது கீழே விழுந்திருக்கலாமே என்று எதிர்வாதம். மனைவியின் படத்தை உச்சியில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார் என்பார்கள். படம் பாக்கெட்டில் இல்லை. இதைப் பெரிதாக நம்பாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இல்லாத பொருளை வைத்துக் கதை எழுதினால் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆனால் இரண்டு பொருள் இல்லாததற்குச் சாட்சி இருக்கிறது. முந்தின நாள் மேல் முகாமிலிருந்து கீழே ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினார் மல்லோரி. கூடாரத்தை அலங்கோலமாகப் போட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்பு, அடுப்பு கடைசி நேரத்தில் சரிவில் உருண்டு போய்விட்டது, அப்புறம் திசைகாட்டியைக் கீழ்க் கூடாரத்தில் விட்டுவிட்டேன், எப்படியாவது எடுத்து வையுங்கள், இங்கே எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இதுதான் அந்தச் சீட்டின் சாரம். இன்னொன்று டார்ச். 1933-இல் அடுத்த குழு அந்த மேல் முகாமின் கிழிந்த கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது உள்ளே கையால் அழுத்தினால் எரியும் டார்ச் ஒன்று கிடந்தது. ஒன்பது வருஷம் கழித்து அழுத்தினார்கள், எரிந்தது.

நகம் வெட்டும் கத்தரிக்கோல் உடன் வந்தது, டார்ச் கூடாரத்திலேயே தங்கிவிட்டது. மல்லோரி மறதிக்காரர் என்று கூட வந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை மறதி என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. 8,000 மீட்டருக்கு மேல் விடிகாலையில் மூளை வேலை செய்யும் விதம் வேறு. அந்த நேரத்தில் உடன் வருவது எது? ஏற்கெனவே பாக்கெட்டில் இருப்பது. கத்தரிக்கோலை அவர் அன்று காலை தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அது பல வாரமாக அங்கேயே கிடந்திருக்கும். டார்ச்சை எடுக்கத்தான் ஒருவர் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டியலில் இருக்கிறதா என்பதைவிட உடம்போடு ஒட்டி இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. நம் ஊர்ப் பெண்கள் தாலிச் சங்கிலியில் நான்கு ஊக்கு கோத்துப் போட்டிருப்பார்கள். என் மனைவி அப்படிப் போடுவதைப் பார்த்து ஒருகாலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். பை மாறலாம், பஸ் மாறலாம். அந்த ஊக்கை மறந்து வைத்துவிட்டு வர வழியே இல்லை.

இந்த மறதிக்கு மருந்தாகத்தான் பட்டியல் போடும் கலாசாரமே வந்தது. அமெரிக்காவில் சியாட்டிலின் 'மவுண்டனியர்ஸ்' மலையேற்றச் சங்கம் 1930-களில் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பத்து அத்தியாவசியப் பொருள்கள் இன்றைக்கும் பிரபலம்: வரைபடம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடி, உபரித் துணி, உபரி உணவு, விளக்கு, முதலுதவி, நெருப்பு மூட்டி, தீக்குச்சி, கத்தி. என் திசைகாட்டி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்தப் பட்டியல் ஆளில்லாத பனிமலைக்குப் போட்டது. பிறகு 1990-களில் ரே ஜார்டைன் மாதிரி ஆட்கள் எடையைக் குறை, குறை என்று எதிர்ப்பக்கம் போனார்கள். இப்போது டூத் பிரஷ் கைப்பிடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் வெட்டிப் பார்த்தேன். ஆறு கிராம் மிச்சம். பல் தேய்க்கும்போது விரல் வாய்க்குள் போகிறது.

மூன்றாவது பை ஒரு பாட்டியுடையது. எம்மா கேட்வுட். 1887-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர், விவசாயக் குடும்பம், 11 பிள்ளைகள். முப்பது வருஷத்துக்கு மேல் கணவனிடம் அடிபட்டு, கடைசியில் விவாகரத்து வாங்கினார். ஒரு பத்திரிகையில் அப்பலாச்சியன் நெடும்பாதை பற்றிய கட்டுரையைப் பார்த்தார். அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர் முழுக்க ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை போகும் பாதை அது. அன்றைக்கு 2,050 மைல், நம் கணக்கில் சுமார் 3,300 கிலோமீட்டர்.

1954-இல், 66 வயதில், வடகோடியிலிருந்து ஆரம்பித்தார். சில நாளிலேயே வழி தவறினார், மூக்குக் கண்ணாடி உடைந்தது. தேடிக் கண்டுபிடித்த வனக் காவலர்கள், வீட்டுக்குப் போங்கள் பாட்டி என்று அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை அவர். இந்த இடத்தில்தான் அந்தப் பாட்டி எனக்கு உறவானார். ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறியதை நானும் ஆபீஸில் சொல்லவில்லையே.

அடுத்த வருஷம் 1955 மே 3 அன்று, பிள்ளைகளிடம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்ற அளவில் சொல்லிவிட்டு, இந்தத் தடவை தென்கோடியிலிருந்து கிளம்பினார். செப்டம்பர் 25 அன்று மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலை உச்சியில் நின்றார். 146 நாள். ஒரே வருஷத்தில் தனியாக முழுப் பாதையையும் நடந்த முதல் பெண். வயது 67.

பை அவரே முரட்டு ஜீன்ஸ் துணியில் தைத்தது. முதுகில் மாட்டும் பட்டைகூட இல்லை, ஒரு தோளில் போட்டுக்கொள்வார். எடை பெரும்பாலும் 9 கிலோவைத் தாண்டாது. கூடாரம் கிடையாது, தூங்கும் பை கிடையாது, வரைபடம்கூடக் கிடையாது. ஒரு கம்பளி, ஒரு மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை வந்தால் திரைக்குள் புகுந்துகொள்வார். தரை ஈரம் என்றால் அதையே விரித்துக்கொள்வார். குளிரில் கல்லைச் சுடவைத்து அதன் மேல் படுத்திருக்கிறார். கேன்வாஸ் ஷூ, அரை டஜன் ஜோடிக்கு மேல் தேய்த்தார். சின்னப் பொருள்களில் பேண்டேஜ், அயோடின், தலையில் குத்தும் ஊசி, விக்ஸ், குட்டி டார்ச், பேனாக்கத்தி, பேனாவும் நோட்டும். சாப்பாட்டுக்கு உலர்திராட்சை, வேர்க்கடலை, பால் பவுடர், டப்பா இறைச்சி. இந்த வரிசையில் கடைசியாக வருவதுதான் எனக்கு விசேஷம்: ஒரு ஜோடி வீட்டுச் செருப்பும் ஒரு நல்ல கவுனும்.

எடை குறைப்பு நிபுணர் யாரிடம் காட்டினாலும் முதலில் தூக்கிப் போடச் சொல்வது அந்தக் கவுனைத்தான். ஆனால் அவருடைய நடை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பாதையோர வீடுகளில் கதவைத் தட்டித் தங்க இடம் கேட்டுத்தான் பல இரவுகளைக் கழித்தார். ஐந்து மாதம் காட்டில் நடந்த கிழவி ஒருத்தி புதரிலிருந்து வெளியே வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? கூடாரத்தின் இடத்தில் அவர் மனிதர்களை வைத்திருந்தார்; மனிதர்களிடம் போக அந்தக் கவுன் வேண்டியிருந்தது. எடையைப் பார்த்தால் அது கூடாரத்தைவிட எவ்வளவோ குறைவு. அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் 'பாட்டி ஒன்றுமே இல்லாமல் நடந்தார்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். தான் எந்தப் பாதையில், யாரை நம்பிப் போகிறோம் என்று தெரிந்து எடுத்துக்கொண்ட பை அது. பிறகு 1957-இல் மறுபடி முழுசாக நடந்தார். 1964-க்குள் பகுதி பகுதியாக மூன்றாவது முறையும் முடித்தார்.

ஓட்ஸிக்கு எதிரே வருகிற மனிதன் ஆபத்து. அதனால்தான் பாதி செதுக்கிய வில்லைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். கேட்வுட் பாட்டிக்கு எதிரே வருகிற மனிதன் கூரை. மதுரை - பழனி ரோட்டில் தைப்பூசத்துக்கு நடக்கிறவனுக்கு எதிரே வருகிற மனிதன் சுக்குக் காபி, மோர், எலுமிச்சைச் சாதம், கால் அமுக்கிவிடும் யாரோ ஒரு பையன். அந்த ரோட்டில் தண்ணீர் வடிகட்டியோடு நடந்தவன் நான்.

அந்தப் பெரியம்மாவின் சுருக்குப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வெட்கத்தை விட்டு, "உள்ளே வேற என்ன பெரியம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மடியில் கொட்டிக் காட்டினார். எண்ணெய் பாட்டில். ஊசியும் கறுப்பு நூலும் சுற்றிய அட்டைத் துண்டு. இரண்டு ஊக்கு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி. தலைவலித் தைலம். மடித்து மடித்து நைந்த ரூபாய்த் தாள்கள். ஒரு துண்டுச் சீட்டில் மகனுடைய போன் நம்பர். "நம்பர் எனக்கு மனப்பாடம்தான். நான் மயங்கி விழுந்துட்டா எடுத்துப் பார்க்கிறவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார். பன்னிரண்டாவது வருஷமாக நடக்கிறாராம். முதல் வருஷம் அந்த எண்ணெய் இருந்ததா என்று கேட்டேன். "எங்க இருந்துச்சு! உன்னை மாதிரிதான் அகட்டி நடந்தேன்" என்றார்.

இப்போது ஷீட்டில் இரண்டு புதிய காலம் சேர்த்திருக்கிறேன். 'இது எந்த வருஷத்துக் கஷ்டத்துக்கு?' என்று ஒன்று, 'வழியில் கேட்டால் கிடைக்குமா?' என்று இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் இல்லாததும், இரண்டாவதற்கு ஆமாம் என்று வருவதும் நீங்கிவிடும். 41 பொருள் 14 ஆகிவிட்டது. திசைகாட்டி, விசில், ஸ்ட்ரா, ஸ்பூன் போச்சு. பவர் பேங்கில் பாதி சைஸ். இரண்டு ஒயர் ஒன்றாகிவிட்டது. போன் செத்துப்போனால் இருக்கட்டும் என்று மனைவியின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். செருப்பு வார் தைக்க, எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தையல் கோணலாகத்தான் வருகிறது. "நாலு கிலோமீட்டர் தாங்கும் சார்" என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார். கோணூசியும் மெழுகு நூலும் சேர்த்து 19 கிராம்.

வாசலின் பைக்குள் இல்லை. பேன்ட் பாக்கெட்டில்.

நேற்று இரவு சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, தன் சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் சட்டையின் உள்பக்கம் குத்திவிட்டுப் போனாள். அதை எடை போடவில்லை. ஷீட்டில் 15-ஆவது வரியாகச் சேர்த்திருக்கிறேன்.